உலகப் பசிக்கு ஒரு மூட்டை சாமை

உலகப் பசியை ஒழித்துவிடுவது என்று நான் முடிவெடுத்தபோது காலை ஒன்பதரை மணி. எங்கள் வீட்டில் இன்னும் டிபன் ஆகவில்லை.

காரணம், முந்தைய நாள் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பயிற்சி வகுப்பு. ‘சமூகத் தொழில்முனைவோர் ஆவது எப்படி?’ வெளியூரிலிருந்து வந்திருந்த டை கட்டியவர் உருக்கமாகப் பேசினார். கோடிக்கணக்கான பேர் பட்டினியாகப் படுக்கிறார்களாம். மலிவாக ஒரு சத்துணவைக் கண்டுபிடிப்பவன்தான் நாளைய மகானாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாம் முறை பிரியாணி வாங்கப் போனபோதும் கலங்கிக்கொண்டேதான் போனேன்.

என் பெயர் தீனதயாளன். ஏழைகளுக்கு இரங்குகிறவன் என்று அர்த்தம். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு இத்தனை காலம் கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. கடை ஷட்டரை இறக்கிவிட்டேன்.

“செல்வி, இனிமே ஒலகத்துல ஒருத்தன் பட்டினியா படுக்கக் கூடாது” என்றேன்.

என் மனைவி செந்தமிழ்ச்செல்வி அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“காஸ் புக் பண்ணீங்களா?”

“நான் ஒலகத்த பத்தி பேசிக்கினு கீறன். நீ இன்னா காஸுன்ற?”

“நானும் ஒலகத்த பத்திதாங்க பேசறன். காஸ் இல்லன்னா அதுல ரெண்டு பேரு இன்னிக்கே பட்டினி.”

திட்டத்தை விளக்கினேன். கல்வராயன் மலைச் சாமை. வாங்குகிறோம், வறுக்கிறோம், உருண்டை பிடிக்கிறோம், நாடு நாடாக அனுப்புகிறோம். செல்வி பொறுமையாகக் கேட்டாள். அவள் பொறுமையாகக் கேட்டால் எனக்கு ஆபத்து என்று அர்த்தம்.

“சரிங்க. பொங்கல் வரைக்கும் டைமு. ஜனங்க தேடி வந்து உங்க சாமைய வாங்கி சாப்புடணும். இல்லன்னா பேசாம எங்கப்பா உரக்கடைல போயி உக்காந்துடணும். பந்தயம்?”

“பந்தயம்!” என்றேன். ஆண்பிள்ளை வேறு என்ன சொல்வான்?

உரக்கடை மேல் எனக்குக் கோபம் கிடையாது. இப்போது அதை நடத்துகிறவன் செல்வியின் தம்பி, என் மச்சான் பிரவீன்குமார். என் கல்யாணத்தன்று என் மடியில் உட்கார்ந்து பட்டு வேட்டியில் மூக்கைத் துடைத்தவன். இப்போது காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்து, லோடு இறக்குகிறவர்களை அதட்டுகிறான். அவனிடம் போய் நான் லீவு கேட்பதா? நினைக்கும்போதே உடம்பு கூசியது.

மறுநாளே வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். தர்மன் என்கிற விவசாயி வீட்டில் மூட்டை மூட்டையாகச் சாமை அரிசி இருந்தது. விலை பேசி முடித்ததும் சாப்பிடச் சொன்னார்கள். மலைச் சாமைச் சோறு என்று ஆவலாக உட்கார்ந்தேன். இலையில் விழுந்தது ரேஷன் அரிசிச் சோறு.

“சாமை சோறு இல்லீங்களா?”

“வந்தவங்களுக்கு போயி அத போடறதா? அரிசி சோறு நல்லா கீது, சாப்புடுங்க” என்றார் தர்மன் மனைவி வெள்ளச்சி.

“அப்ப சாமைய யாருதான் சாப்புடறாங்க?”

“காருல வர்றவங்க வாங்கிக்கினு போறாங்க. டாக்டரு சொல்லி அனுப்புறாரு போல” என்ற தர்மன், என்னைக் கவலையோடு பார்த்தார். “உங்களுக்கு எவ்ளோ நாளா சக்கர?”

இதில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. நான் ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உருண்டை பிடித்தேன். வெல்லப்பாகு பதம் கொஞ்சம் தாண்டிவிட்டது. கீழே போட்டால் தரைதான் உடையும். பாக்கெட்டில் ‘சத்து’ என்று பெரிதாக அச்சடித்துத் தெருவெல்லாம் இலவசமாகக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ராமசாமி அண்ணனை மறுநாள் பிடித்தேன்.

“எப்டி இருந்துச்சிண்ணே?”

“எங்க வூட்ல யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அதான் மாட்டுக்கு வெச்சன்.”

“மாடு?”

“மோந்து பாத்துச்சி. வைக்கோலுக்கே போயிடுச்சி.”

நான் அசரவில்லை. தலைவன் முன்னால் நடந்தால்தானே நாடு பின்னால் வரும்? இனி நம் வீட்டில் அரிசியே கிடையாது, மூன்று வேளையும் சாமைக் கஞ்சி என்று உத்தரவு போட்டேன். செல்வி “சரிங்க” என்றாள்.

நாடு பின்னால் வரவில்லை. தலைவனாலும் முன்னால் போக முடியவில்லை. சில நாளிலேயே எனக்குப் பட்டினி கிடக்கும் மகான் மாதிரி ஒரு தேஜஸ் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்துப் பயந்துபோய் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே பின்பக்கம் கொளஞ்சியம்மாளின் தள்ளுவண்டி. ஷேர் ஆட்டோக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்று ஒரே கூட்டம். தெரிந்தவன் பார்த்தால் மானம் போகும் என்பதால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சாப்பிட்டேன். இட்லியா அது! பஞ்சு. தட்டு தட்டாக உள்ளே போனது. தினமும் போனேன். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் கஞ்சியைச் சோகமாகக் குடித்துக் காட்டுவேன்.

ஆச்சரியம், வீட்டில் சாமை மூட்டைகள் இளைத்துக்கொண்டே வந்தன. என் லட்சியத்துக்காக ஒரு பெண் எவ்வளவு கஞ்சியைக் குடித்துத் தள்ளுகிறாள்! அவளுக்குத் துரோகம் செய்கிறோமே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே இட்லிக்குப் போனேன்.

நடுநடுவே மச்சான் போன் செய்தான்.

“மாமா, சேர் தொடச்சி வெச்சிட்டன். ஒம்போது மணின்னா ஒம்போது மணி. சாக்கு சொல்லக் கூடாது, ஆமா.”

போகிக்கு முதல் நாள் எனக்கு மூளை வேலை செய்தது. கொளஞ்சியம்மாள் இட்லிக்குத்தான் ஊரே அடித்துக்கொள்கிறதே. அந்த மாவில் ஒரு வேளை சாமையைக் கலந்துவிட்டால்? ஜனங்கள் தேடி வந்து சாப்பிட்டதாக ஆகிவிடும். பந்தயம் என் பக்கம்! ஒரு பை சாமையோடு ஓடினேன்.

“கொளஞ்சிம்மா, ஒரே ஒரு நாளு இத போட்டு மாவு அரைங்க. உங்களுக்கு புண்ணியமா போவும்.”

அவர் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“சாமதான? தெனம் அதான சார் போட்டுக்கினு கீது.”

“இன்னாது?”

“மாவு நான் அரைக்கலீங்க. ஒரு அம்மா குடுக்குது. ரேசன் அரிசிக்கு பதிலா சாம, கூட உளுந்து. மாவு தீந்துடுச்சின்னு இப்பதான் போன் போட்டன். தோ, வந்துடுச்சி.”

ஸ்கூட்டி வந்து நின்றது. முன்னால் ஒரு மாவு வாளி, பின்னால் ஒரு மாவு வாளி, நடுவில் என் தர்மபத்தினி.

“இனிமேலாவது ஹெல்மெட்ட கழட்டிட்டு சாப்புடுங்க. தெனம் அதுல சட்னியோட வூட்டுக்கு வர்றீங்க” என்றாள் செல்வி.

“நீ... வூட்ல... எப்ப அரைச்ச?”

“நீங்க வுட்ட கொறட்டைல கிரைண்டர் சத்தம் உங்களுக்கு எங்க கேக்கும்? மூட்டை மூட்டையா வாங்கிப் போட்டுட்டீங்க. வண்டு வெக்கப் போவுதேன்னு அரைச்சன். பாவம், மூட்ட தூக்கறவங்க ரெண்டு இட்லி துன்னா மதியம் வரைக்கும் தாங்குதாம்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா வண்டி மேல ‘சத்து’ன்னு எழுதி ஒட்டியிருப்பீங்க. ஒருத்தன் வந்திருக்க மாட்டான்.”

அடுத்த நொடியே எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. என் சாமை. ஜனங்கள் தேடி வந்துதானே சாப்பிடுகிறார்கள்?

“செல்வி! அப்ப பந்தயத்துல ஜெயிச்சது நானு!”

“ஆமாங்க, நீங்கதான்.”

“உரக்கடைக்கு போவ மாட்டன்!”

“போவ வேணாங்க. நாலு வண்டிக்காரங்க மாவு கேக்கறாங்க, பெருசா பண்ணப் போறோம். நீங்க கிரைண்டர பாத்துக்குங்க.”

கொளஞ்சியம்மாளை, இட்லிக்குக் காத்திருந்தவர்களை, ஸ்கூட்டியை, எல்லோரையும் கும்பிடத் தோன்றியது. மச்சானிடமிருந்து தப்பித்தேன்! உலகப் பசிக்கும் முடிவு வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

“பெருசா பண்றோம்னா ஆளுங்கள வெச்சி வேல வாங்கணுமே. அதெல்லாம் யாரு பாப்பா?”

செல்வி மாவு வாளியை இறக்கி வைத்தாள்.

“பிரவீன்குமாருதாங்க. உரக்கடைய அப்பாகிட்டயே வுட்டுட்டு வரான். மாமாவ ரொம்ப அதட்டாதடான்னு சொல்லிகீறன்.”