பப் கைக்குப் பின்பக்கம் டி.வி. நிகழ்ச்சி

காங்கேயம்,
12.9.1996, வியாழன்.

மதிப்பிற்குரிய ‘கோலமயில்’ ஆசிரியர் அம்மா அவர்களுக்கு (தாங்கள் அய்யாவாக இருந்தால் அய்யா அவர்களுக்கு),

வணக்கம். இங்கே தேங்காய்க் களத்தில் வேலை செய்யும் நாங்கள் இருபத்திரண்டு பேரும் நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், கோலமயிலை அச்சடிப்பவரும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அச்சடிப்பவரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அது கீழே வரும்.

என் பெயர் கலாமணி. வயது பதினாறு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது காய்ந்த தேங்காயை ஓட்டிலிருந்து தோண்டி எடுத்து வெயிலில் பரப்பும் வேலை. எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை, கூச்சம். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்குக் கூட பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்கச் சொல்வேன். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். எங்கள் முதலாளி தேங்காய் விலை பார்ப்பதற்காகத் தங்கள் பேப்பரை வாங்குகிறார். சனிக்கிழமை அதோடு வரும் பெண்கள் இணைப்பு கோலமயில் அவருக்கு வேண்டாம் என்பதால் மேஸ்திரி அப்புசாமி அண்ணன் அதைக் களத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார். சாப்பாட்டு நேரத்தில் நான் அதை வாசிப்பேன், எல்லோரும் கேட்பார்கள். லாரி ஓட்டும் அக்காவின் செய்தி, முகத்துக்குப் பயத்தமாவு போடும் விதம், அடுத்த வாரம் டி.வி.யில் வருபவை, புது கேசட்டில் வந்த பாட்டு எல்லாம். பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டால் என்னை யாரும் பார்க்க முடியாது, நானும் யாரையும் பார்க்க வேண்டாம். அந்த அரை மணி நேரம் என் குரல் களத்தின் கடைசி மூலை வரைக்கும் போகும். அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

தாங்கள் போன மாதத்திலிருந்து மூன்றாம் பக்கத்தில் ‘நீங்களே தைக்கலாம் பப் கை ஜாக்கெட்’ என்று ஆரம்பித்தீர்கள். படத்தை அளவு மாறாமல் அப்படியே வெட்டித் துணிமேல் வைத்துத் தைக்கலாம் என்று போட்டிருந்தீர்கள். மிக நல்ல யோசனை. ஆனால் மூன்றாம் பக்கத்துக்குப் பின்பக்கம் நான்காம் பக்கம் இருக்கிறது. அதில்தான் டி.வி. நிகழ்ச்சியும் கேசட் பாட்டும் வருகின்றன. இது தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அச்சடிப்பவருக்காவது தெரிந்திருக்கும்.

எங்கள் களத்தில் தையல் மிஷின் வைத்திருப்பவர் சாந்தாமணி அக்கா. முதல் வாரம் வாசித்து முடித்ததும் அவர் ஜாக்கெட்டின் முன்பக்கத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு ஞாயிற்றுக்கிழமை படத்தின் நேரமும் போய்விட்டது. நேரத்தை நான் வாசிக்கும்போது ராசாத்தாள் அக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அவர் ஒரு படம் விடாமல் பக்கத்து வாத்தியார் வீட்டில் போய்ப் பார்ப்பவர். குத்துமதிப்பாக ஆறரைக்குப் போனால் படம் பாதி ஓடியிருந்தது. திங்கட்கிழமை வந்து, “செத்தவ நல்லவளா கெட்டவளானு தெரியாமயே தேம்பித் தேம்பி அழுதுபோட்டேன் சாந்தாமணி. எந்திருச்சு வாரப்பத்தான் வாத்தியார் சம்சாரம் சொல்றாங்க, மாமியாளுக்கு வெசம் வெச்சவளே அவதானாமா. அவளுக்குப் போயி நான் ஒரு முந்தானை நனைய அழுதிருக்கறேன். எல்லாம் உன்ற கத்திரிக்கோலால வந்தது” என்றார். “நேரத்தைக் கேட்டு வெச்சுக்கறதுக்குக் காது எங்க போச்சுங்க்கா?” என்றார் சாந்தாமணி அக்கா. அதோடு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தோண்டுகிறார்கள், ஆனால் வெற்றிலை வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி வாங்குகிறார்கள்.

அடுத்த வாரம் ராசாத்தாள் அக்கா முந்திக்கொண்டார். சோற்றுப் பருக்கை தேய்த்து டி.வி. நிகழ்ச்சியைத் தன் வீட்டு பீரோவில் ஒட்டிவிட்டார். அதற்குப் பின்னால் ஜாக்கெட்டின் முதுகு இருந்தது. சாந்தாமணி அக்கா முன்பக்கத்தைக் கோலமயில் சொன்னபடியும், முதுகைத் தன் மனசு சொன்னபடியும் தைத்து, கைக்குப் பழைய ஜாக்கெட்டின் கையை இப்போதைக்கு இணைத்து, தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொண்டு போனார். அங்கே தாம்பாளம் வாங்கக் கையை நீட்ட முடியவில்லை. “கை நீட்டாம தட்டு வாங்குனவ இந்தக் காங்கேயத்துலயே நான் ஒருத்திதான். சம்பந்திமாரு என்னைத் தலக்கனம் புடிச்சவனு நெனச்சுப்போட்டாங்க. அந்தம்மா பீரோவுல ஒட்டி வெச்சிருக்கறது டி.வி. இல்ல கண்ணு, என்ற முதுகு!” என்று என்னிடம் சொன்னார். ராசாத்தாள் அக்கா இரண்டு முழ தூரத்தில் இருந்தார். “அவகிட்டச் சொல்லு அம்மணி, அந்த முதுகை உரிச்செடுத்தா பீரோ பெயிண்டும் சேந்து வந்துருமாமானு” என்று அவரும் என்னிடமே சொன்னார். நான் இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை. இருவருக்கும் கேட்டுவிட்டது.

இரண்டு பேப்பர் வாங்கினால் தீராதா என்று தாங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். “ரெண்டு பேப்பர் வந்தா நீங்க ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சுக்குவீங்க. அப்பறம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடுவுல நான் போலீஸ் நிக்கோணுமா?” என்று மேஸ்திரி அண்ணன் மறுத்துவிட்டார். அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார். போன சனிக்கிழமை, எல்லோர் முன்னாலும், முதலில் நான் டி.வி. நிகழ்ச்சியை நோட்டில் எழுதிக்கொள்வது, பிறகு சாந்தாமணி அக்கா கையை வெட்டிக்கொள்வது, அதற்குப் பிறகு வாசிப்பது. யாரும் முந்தக் கூடாது.

அப்படியே செய்தோம். எழுதினேன். அவர் வெட்டினார். நான் பேப்பரை விரித்துப் பிடித்து, லாரி அக்காவைப் பற்றி இரண்டு வரி வாசித்தேன். ஏதோ வெளிச்சமாக இருக்கிறதே என்று பார்த்தால், என் கண்ணுக்கு நேராக ஒரு பப் கை அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருபத்தோரு பேர் சோற்றுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா, அய்யா, நான் ஓட்டையை முகத்திலிருந்து நகர்த்தப் பார்த்தேன். பேப்பரைக் கொஞ்சம் மேலே தூக்கினேன், நெற்றி தெரிந்தது. கீழே இறக்கினேன், வாய் தெரிந்தது. மடித்துப் பிடித்தால் முகம் முழுவதும் தெரிந்தது. “படி கண்ணு” என்றார் ஒருவர். லாரி அக்கா திருப்பத்தில் நின்றது நின்றதுதான். கடைசியில் பாட்டையாவது வாசிக்கலாம் என்று திருப்பினால், ஒவ்வொரு வரியிலும் பாதியைக் கை எடுத்துக்கொண்டு போயிருந்தது.

“பாரு, உன்ற கைக்கு ஆசப்பட்டு புள்ளைக்கு வாயை அடைச்சுப்போட்டயே!” என்று ராசாத்தாள் அக்கா எழுந்தார். இரண்டு வாரத்தில் அவர் சாந்தாமணி அக்காவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. “என்ற கை இல்லீங்க, உங்க டி.வி.!” என்று இவரும் எழுந்தார். ஒருவர் இந்தப் பக்கம் இழுக்க, ஒருவர் அந்தப் பக்கம் இழுக்க, லாரி அக்கா நடுவில் கிழிந்தார். மேஸ்திரி அண்ணன் ஓடிவந்து, “ஏனுங்க, இது களமா கல்யாண மண்டபமா? இன்னொருக்கா சண்ட வந்துதுனா இந்தப் பேப்பரு கேட்டைத் தாண்டி உள்ள வராது, சொல்லிப்போட்டேன்” என்றார். அவர் சொன்னால் செய்கிறவர்.

ஆகையால் நான் மூன்று நாள் யோசித்து இதை எழுதுகிறேன். யாருக்கும் தெரியாது. தையல் படத்தை நிறுத்த வேண்டாம். டி.வி.யையும் நிறுத்த வேண்டாம். தையலுக்குப் பின்பக்கம் எங்கள் களத்தில் யாருக்கும் தேவைப்படாத ஒன்றைப் போட்டுவிடுங்கள். என் யோசனை, தாங்கள் எழுதும் ‘உங்களோடு ஒரு நிமிடம்’. கோபித்துக்கொள்ளாதீர்கள், நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் அதை வாசிக்கும்போதுதான் எல்லோரும் கை கழுவப் போகிறார்கள். இதைத் தாங்கள் செய்யாவிட்டால் வாரா வாரம் எழுதுவேன். எனக்குப் பேசத்தான் வராது, எழுத வரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை அச்சில் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம். ‘ஒரு வாசகி, தமிழ்நாடு’ என்றால் போதும்.

தங்கள் கோலமயில் நீண்ட நாள் ஓட்டை இல்லாமல் பறக்க வேண்டும். தங்கள் வீட்டுச் சின்னவர்களுக்கு என் அன்பு, பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மு. கலாமணி

பின்குறிப்பு: 14.9.96, சனி. உறை வாங்க மறந்ததால் இது இன்னும் என்னிடமே இருக்கிறது. இன்றைய கோலமயில் வந்தது. ‘வாசகியரின் வேண்டுகோளுக்கிணங்க தையல் பகுதி நிறைவுபெறுகிறது’ என்று போட்டிருக்கிறீர்கள். வாரம் ஒரு கை என்று சொல்லியிருந்தீர்கள், இன்னொரு கை பாக்கி இருக்கிறது, அது தங்களுக்குத் தெரியுமா? அந்த இடத்தில் மிக்ஸி விளம்பரம். டி.வி. முழுதாக இருக்கிறது, பாட்டு முழுதாக இருக்கிறது, ஓட்டை இல்லை. நான் ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் முந்தவில்லை. சாந்தாமணி அக்கா கத்திரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கை ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். வாசித்து முடித்ததும் ராசாத்தாள் அக்கா என் பக்கத்தில் வந்து, “ஏங்கண்ணு, நீயி எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ள. அந்தக் கையைப் போடச் சொல்லி அவியளுக்கு ஒரு காயிதம் போடு. எங்க வேணாலும் போடட்டும், என்ற படத்துக்குப் பின்னாலயே போட்டாலும் சரி. இவ இப்பிடிக் கம்முனு உக்காந்திருக்கறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல” என்றார்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். அடுத்த சனிக்கிழமை மீதிக் கையை டி.வி.க்குப் பின்பக்கமே போடுங்கள். மேஸ்திரி அண்ணனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் பெயரையும் ஊரையும் முழுதாகப் போடுங்கள், அப்போதுதான் இது காங்கேயத்துக் கை என்று தங்களுக்கு மறக்காது. ஓட்டை விழும். விழட்டும். அதன் வழியாகவே வாசிக்கிறேன்.