லாக்கர் மாமாவின் பாதிச் சாவி

செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியே தீப்பிடித்து எரிந்தாலும், கையெழுத்து வாங்காமல் லாக்கர் மாமா ஒரு சாவியைக்கூடத் தரமாட்டார்.

வங்கியில் லாக்கர் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். நாற்பது வீட்டு மாற்றுச் சாவிகள் அவர் பீரோவில். காலம் மாறி, கம்ப்யூட்டரைத் திறக்கும் எண்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. எண்களுக்கு மட்டும் தனி விதி. பாதி அவரிடம், மறுபாதி, அவரோடு பேச்சில்லாத ஒருவரிடம்.

"சிநேகிதன்னா ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துடுவோம். சண்டைக்காரன்தான் பத்திரம்" என்பார்.

அதற்கென்றே வாய்த்தவர் மூன்றாம் மாடி பாலு. பார்க்கிங் தகராறில் இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. மறுபாதி எண்கள் உள்ள ஒட்டிய உறைகளை வாட்ச்மேன்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்.

கட்டடக்கலை படிக்கும் என் மகள் நித்யா, தன் லேப்டாப் பூட்டிக்கொண்டால் திறக்கும் நாற்பத்தெட்டு எண்களை இப்படித்தான் ஒப்படைத்திருந்தாள். நான் சிரித்தேன்.

போன மாதம், இறுதியாண்டு ப்ராஜெக்ட் கொடுக்கவேண்டிய நாள். காலையில் லேப்டாப் அப்டேட் ஆகி, அந்த எண்களைக் கேட்டு நின்றுவிட்டது. ஒரு வருட வரைபடங்கள் உள்ளே. வேறு நகல் இல்லை. மாலை ஐந்து மணி கெடு.

மாமா வீட்டுக்கு ஓடினோம். அம்மா நான் கேட்டால் தரமாட்டாராம். நித்யா கையெழுத்துப் போட்டாள். மாமாவின் நோட்டில் முன்பு போட்டிருந்ததோடு பொருந்தவில்லை. நான் கத்தத் தொடங்கினேன். மாமா என்னைக் கண்டுகொள்ளாமல் அவளுக்கு மோர் கொடுத்தார்.

"கை நடுங்கறது கொழந்தே. குடிச்சுட்டு மறுபடி போடு."

பொருந்தியது. ஆனால் பாலு இதற்குள் தன் உறைகளோடு நெருள் என்ற தூரத்துப் புறநகருக்குக் குடிபோயிருந்தார். போனில் படிக்கச் சொல்லலாமே என்றேன். அது விதியில் இல்லையாம். மாமாவே ஹார்பர் லைன் ரயில் பிடித்துப் போனார். நித்யாவின் கையெழுத்துச் சீட்டை நீட்டினாராம். பாலு உறையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாராம்.

இரண்டு மணிக்கு இருவரும் வந்தார்கள், முகம் பார்க்காமல். மாமா தன் பாதியை வாசித்தபோது பாலு வாசலுக்கு வெளியே நின்றார். பாலு வாசித்தபோது மாமா. லேப்டாப் திறந்தது. நித்யா மேஜையில் கவிழ்ந்து அழுதாள். வெளியிலிருந்து மாமா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னடா பாலு, தப்பாப் படிச்சியா?"

ஆறு வருடத்தில் முதல் பேச்சு அது.

"சரியாத்தான் படிச்சேன். சந்தோஷத்துல அழறா" என்றார் பாலு.

நாலரைக்கு ப்ராஜெக்ட் போய்ச் சேர்ந்தது.

மறுவாரம் மாமா தன் பாதியும் பாலுவின் பாதியுமாக இரண்டு உறைகளோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"வேற ஆள் பாத்துக்கோங்கோ. நானும் பாலுவும் இப்ப தினம் பேசிக்கறோம். இனிமே எங்களை நம்பப்படாது."

நித்யா இரண்டையும் அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். விதிப்படி தப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே நோட்டை நீட்டினார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். இந்தமுறை நான் சிரிக்கவில்லை.