நிம்மதிக்கு வைத்த சீனவெடி

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு வியாதி வரும். பிரஷரைச் சொல்லவில்லை, அதுவும் தானாக வந்துவிடும். நான் சொல்வது காணி வாங்கும் வியாதி. நான்கு பாத்தி கீரை, இரண்டு கோழி, விடியற்காலையில் குயில் கூவ, கையில் சுடச்சுட பிளேன்டீ. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று அலுவலகத்தில் கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதுதான் முதல் அறிகுறி.

எனக்கு அது முற்றியது ஐம்பத்திரண்டு வயதில். முற்றும்போது ஒரு முக்கியமான விஷயத்தை நான் மறந்துவிட்டேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. கரப்பான் பறந்தால் கதிரையில் ஏறி நிற்கிற ஆள். (ஒரு தடவை அலுவலகத்திலேயே ஏறி நின்றிருக்கிறேன். அப்போது என் முன்னால் ஒரு பெண்மணி பிறப்புச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருந்தார்.)

கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனியவுக்கு மேலே, ஓர் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் நீர்த்தேக்கம் தெரிகிற மாதிரி அரை ஏக்கர் காணி வாங்கினேன். இரண்டு அறையும் தகரக் கூரையும் கொண்ட ஒரு வீடு. வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு தப்படி தள்ளி ஒரு கக்கூஸ். இவ்வளவுதான் சொர்க்கம்.

என் மனைவி தனத்துக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அவள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்துக் கூடையும் சுமந்து, என்னைக் கட்டிக்கொண்டு கண்டி டவுனுக்கு வந்தவள்.

"அட்டைக்கும் குளிருக்கும் தப்பிச்சு வந்து இருவது வருஷமாச்சி. இப்ப நீங்களே திரும்பக் கொண்டுபோய் விடப் போறீங்களா?" என்றாள்.

கெஞ்சினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி மூன்று நாள் அங்கே தங்கிப் பார்ப்பது. அவளுக்குப் பிடித்தால் குடிபோவது. பிடிக்கவில்லை என்றால் காணியை விற்றுவிட்டு, அதைப் பற்றி நான் வாயே திறக்கக்கூடாது.

ஆகவே அந்த மூன்று நாளும் நான் நிம்மதியாக இருப்பதாக நடிக்க வேண்டியிருந்தது. வசந்தம் தன் பங்கைச் சரியாகவே செய்தது. காணி ஓரத்து முள்முருங்கை ஓர் இலைகூட இல்லாமல் உச்சி முதல் சிவப்பாகப் பூத்திருந்தது. குயில் ஓயாமல் கூவியது. நான்தான் சரியாக நடிக்கவில்லை. முதல் நாள் காலிடுக்கில் ஓர் அட்டையைக் கண்டு போட்ட சத்தத்தில், பூசைக்கு வைத்திருந்த வாழைப்பழத்தை எடுக்க வந்த குரங்குகள்கூடப் பழத்தைப் போட்டுவிட்டு ஓடின. தனம் வந்து சவர்க்காரத்தைத் தேய்த்து அட்டையைக் கழற்றினாள்.

"எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா?" என்றேன், இரத்தம் வழியும் காலைப் பொத்திக்கொண்டே.

அவள் முள்முருங்கையின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பூக்களுக்கு நடுவில் கறுப்பாக, ஒரு சுளகு அளவுக்கு ஏதோ தொங்கியது.

"என்னாங்க, அது குளவி."

"குளவி இல்ல தனம், மலைத்தேனீ. தேன் குடுக்கிற பூச்சி. நமக்கு அதிர்ஷ்டம்னு சொல்லு."

"எங்க தோட்டத்துல நாங்க ரெண்டையும் குளவின்னுதான் சொல்லுவோம். கொட்டுறப்ப அது பேரு சொல்லிட்டா கொட்டுது? எங்கம்மாவ மலையிலிருந்து படங்குச் சாக்குல போட்டுத்தான் தூக்கிட்டு வந்தாங்க. மூணு நாளு கண்ணு தெறக்கல."

அவள் குரல் இறங்கிப்போனது. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆனால் பயந்ததாகக் காட்டிக்கொண்டால் காணி போய்விடுமே! சிரித்து மழுப்பினேன்.

வருஷப் பிறப்பன்று காலை மருத்துநீர் வைத்துக் குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டேன். தனம் முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினாள். சுபநேரத்தில் பால் பொங்க வேண்டும். பக்கத்துக் காணிக்காரர் சோமபால மாத்தயா ஒரு தட்டில் பணியாரமும் கொக்கீசும் கொண்டுவந்து வாழ்த்துச் சொன்னார். தட்டைக் கொடுத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தவர், இந்த முறை தான் வெடி கொளுத்தப் போவதில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

பாவம், மனுஷன் வெடி வாங்க மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவருக்கும் சேர்த்து நானே வெடிப்பது என்று முடிவும் செய்தேன்.

பையிலிருந்து சீனவெடிச் சரத்தை எடுத்ததும் தனம் அகப்பையோடு எழுந்துவிட்டாள்.

"வேணாங்க. மேல பாத்தீங்கதானே?"

"ஊரே வெடிக்கப் போவுது. நம்ம ஒரு சரத்துக்கு மட்டுமா அது கோவிச்சிக்கும்?"

"ஊரு கீழ இருக்கு. நீங்க அது காலடியில நிக்கிறீங்க."

நான் அறிவில்லாதவன் இல்லை. (இந்த வாக்கியத்தை வாசிக்கும்போதெல்லாம் தனம் இருமுகிறாள்.) முள்முருங்கையில் கட்டாமல், அதிலிருந்து ஆறேழு தப்படி தள்ளி நின்ற கொய்யா மரத்தில் கட்டினேன். தேனீக்களுக்கு அந்த மரியாதை போதும் என்பது என் எண்ணம். பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. நானும் ஊதுவத்தியால் திரியைத் தொட்டேன்.

சரம் முழுவதும் வெடித்து முடிந்தது. புகை மெதுவாக எழுந்து முள்முருங்கைப் பக்கம் போனது. நான் வெற்றியோடு தனத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேலே தொங்கிய அந்தக் கறுப்பு ஒரு தடவை அலைபோல அசைந்தது. பிறகு அப்படியே உதிர்ந்து கீழே வந்தது.

"ஓடாதீங்க! படுங்க! அசையாம கீழ படுங்க!"

அவள் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இதை நான் எங்கும் மறைத்ததில்லை. கேட்டது, புரிந்தது, ஓடினேன். வேட்டி கொய்யாக் கிளையில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். கக்கூஸுக்குள் பாய்ந்து கதவை அறைந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

அதன் பிறகுதான் உள்ளே நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. என் முதுகோடும் தலைமுடியோடும் ஏழெட்டுப் பூச்சிகள் கூடவே வந்திருந்தன. எதிரியை வெளியே விட்டுக் கதவடைப்பதுதான் உலக வழக்கம். நான் எதிரியோடு சேர்ந்து உள்ளே பூட்டிக்கொண்டேன். காதில் ஒன்று, உதட்டில் ஒன்று, மற்றவை வேட்டி இல்லாத இடங்களில். தண்ணீர் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

வலியெல்லாம் கொஞ்ச நேரம்தான் பெரிதாகத் தெரிந்தது. பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. தனம் வெளியே இருக்கிறாள்.

வாளியைத் தூக்கிவிட்டுக் காது கொடுத்தேன். கதவுக்கு வெளியே ரீங்காரம் மட்டும் கேட்டது. பால் பொங்கி நெருப்பில் விழுந்து கருகும் வாசனை வந்தது. அவள் சத்தம் இல்லை.

"தனம்!"

பதில் இல்லை.

"தனம்! புள்ள!"

அவள் அம்மாவைப் படங்கில் தூக்கி வந்த கதை நினைவுக்கு வந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. அட்டை, கரப்பான் எல்லாம் வெறும் விளையாட்டு. தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறக்க வேண்டும், ஓட வேண்டும், அவள்மேல் விழுந்து மறைக்க வேண்டும் என்று மனம் சொன்னது. நான் திறக்கவில்லை. கையை வைத்தபடியே நின்று அழுதேன். இதை எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஈரத் தழை புகையும் மணம் வந்தது. சோமபால மாத்தயாவின் குரல், "பய வெண்ட எப்பா" என்றது. பயப்பட வேண்டாமாம். யாரிடம் சொல்கிறார்!

பிறகு கதவில் இரண்டு தட்டு.

"என்னாங்க, தொறங்க. போயிருச்சி."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"எல்லாமா?"

"வெளிய ஒண்ணுமில்ல. உள்ள எத்தனை இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

திறந்தேன். தனம் உரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். தலை, முகமெல்லாம் மண். முழங்கையில் ஒரே ஒரு வீக்கம். உட்காரப் போட்டிருந்த சாக்கை இழுத்து மூடிக்கொண்டு, அடுப்புப் புகையோரமாகக் குப்புறப் படுத்துவிட்டாளாம். நான் கூப்பிட்டது கேட்டதாம். வாயைத் திறந்தால் கொட்டும் என்பதால் பதில் சொல்லவில்லையாம். என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். சோமபால மாத்தயா முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் போர்வையைக் கழற்றி நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். வலது கண் மூடிவிட்டது, உதடு கன்னம் வரை வந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு கண்ணால் தனத்தைப் பார்த்து, என் ஒப்பந்தத் தோல்வியை நானே அறிவித்தேன்.

"வித்துருவோம் தனம். நாளைக்கே டவுனுக்குப் போயிருவோம்."

"நீங்க போங்க. நான் வரல."

வீக்கத்தில் காதும் கெட்டுப்போனது என்று நினைத்தேன்.

"சாக்குக்கு அடியில மண்ணுல மூஞ்சிய வச்சிப் படுத்திருந்தேன்ல," என்றாள் மெதுவாக. "பயமாத்தான் இருந்திச்சி. ஆனா என்னா செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சிச்சி. டவுன்ல இருவது வருஷமா அடுத்த வீட்டுக்காரிய பாத்துப் பாத்துத்தான் எல்லாத்தையும் செய்றேன். இங்க யாரையும் பாக்க வேண்டியதில்ல."

ஏதோ சொன்னேன். உதடு இருந்த நிலையில் அது அவளுக்குப் புரிந்திருக்காது.

"ஆனா ஒண்ணு. அந்தத் தாழ்ப்பாள கழட்டிரணும்."

அவளே கழற்றினாள். குடிவந்த அன்று, சாமான்களை இறக்குவதற்கு முன்பே, நான்கு ஆணியையும் பிடுங்கி எடுத்தாள். ஏழு வருடமாக எங்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் பாட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். விருந்தாளிகளுக்கும் விலக்கில்லை. தனத்தின் அண்ணன் ஒவ்வொரு சித்திரைக்கும் வந்து, உள்ளே போகும்போது முற்றமே கேட்கும்படி, "மச்சான், உள்ள நான் மட்டும்தானா, இல்ல உங்க கூட்டாளிகளும் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டை ஆரம்பிப்பார்.

நானும் தினமும் காலையில் தேவாரம் பாடுகிறேன். என் குரலுக்குக் குரங்குகள் பழகிவிட்டன. சில நாட்களில் வரி மறந்து நடுவில் நின்றுவிடுவேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது, கீரைப் பாத்தியிலிருந்து காலடிச் சத்தம் ஓடிவரும். கதவு சட்டென்று திறக்கும்.

"ஐயோ தனம், என்னா இது!"

"சத்தத்தக் காணோமே, அதான் பாத்தேன்," என்பாள் மண் அப்பிய கையோடு. பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போவாள்.