மைதானத்துக்கு வராத ரசிகர்

எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு தனி இனத்து ரசிகர் உண்டு. ரக்பிக்காக உயிரையே கொடுப்பார். சனிக்கிழமை மதியத்தை மட்டும் கொடுக்க மாட்டார்.

கண்டுபிடிப்பது சுலபம். கழுத்துத்துண்டு கிளப் நிறம், தேநீர்க் கோப்பை கிளப் நிறம், நாயின் கழுத்துப்பட்டைகூடக் கிளப் நிறம். மதுக்கடையில் யார் சிக்கினாலும், பார்வையாளர் காலரி காலியாகக் கிடப்பதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். "அப்பல்லாம் நிக்க எடம் இருக்காதுப்பா!" சரி, இப்போதுதான் தாராளமாக இடம் இருக்கிறதே, போகலாமே? எப்படிப் போவது? மழை. பார்க்கிங். பயிற்சியாளர் சரியில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டம் என்றால் வேலை அசதி, ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமியார் வீட்டு விருந்து. போதாததற்கு டிவியில் வேறு காட்டித் தொலைக்கிறார்கள்.

மெய்ரிக் பெவன் இந்த இனத்தின் சுத்தமான மாதிரி. சென்ற பிப்ரவரியில், கூட்டம் வராததால் எங்கள் கிளப்பைப் பக்கத்து ஊர்க் கிளப்போடு இணைக்கப் போவதாகச் செய்தி வந்தது. பக்கத்து ஊரோடு! மெய்ரிக்குக்குக் கஞ்சி இறங்கவில்லை. மைதானத்துக்கு எதிரே உள்ள தேவாலய மண்டபத்தில் கண்டனக் கூட்டம் போட்டார். ஊரே வந்தது, ஜன்னல் விளிம்பில்கூட ஆட்கள்.

"எங்கப்பாவோட சாம்பல அந்தப் புல்லுலதான்யா தூவியிருக்கேன்!" என்று மேடையில் அழுதார். நிஜக் கண்ணீர். மண்டபமே மூக்கைச் சிந்தியது.

அப்போது கிளப் செயலாளர் எலுனெட் அம்மாள் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார்.

"எல்லாம் சரி மெய்ரிக். எதிர்ல ஆட்டம் நடக்குது. இடைவேளையில ஓடி வந்திருக்கேன். கூட்டத்த இந்த நேரத்துலயா வெப்ப?"

மெய்ரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னம்மா பண்றது? எல்லாரையும் கேட்டேன். சனிக்கிழம மத்தியானம்தான் சும்மா இருக்கோம்னாங்க."

எலுனெட் வாசல்வரை திரும்பி நடந்தார். பிறகு, "மைதானத்துக் கதவத் தெறந்தே வெச்சிருக்கேன். டிக்கெட் வேணாம், வாங்க," என்றார்.

போனார்கள். மழையில் காலரி நிறைந்தது. திடீரென்று எழுந்த ஆரவாரத்தில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் மிரண்டு பந்தையே நழுவவிட்டார். ஆனாலும் கடைசி நிமிடத்தில் ஜெயித்தோம். மெய்ரிக் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு, "இதுதான்யா வாழ்க்க!" என்று விம்மினார்.

அடுத்த ஆட்டத்துக்கு எலுனெட் கதவருகே காத்து நின்றார். மெய்ரிக் வரவில்லை. போனில் கேட்டபோது, "போன தடவதான் வந்தேனேம்மா!" என்றார்.

மே மாதம் கிளப்பை இணைத்துவிட்டார்கள். மெய்ரிக்குக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஊர்க்காரர்களுக்கு விசுவாசம் போதாது என்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ரக்பி உங்கள் ஊரில் கிடையாது, தப்பித்தீர்கள். ஆமாம், தெருமுனை நூலகத்தை மூடக் கூடாது என்று அன்றைக்கு ஆவேசமாகக் கையெழுத்துப் போட்டீர்களே, அது எத்தனை மணிக்குத் திறக்கிறது?