ஓட்டை சாரின் ஒயர்

காரைக்காலில் ஓட்டையைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசிய மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அதனால்தான் தருமபுரத்தில் நாங்கள் தங்கியிருந்த ஆண்கள் விடுதியில் அவருக்கு ‘ஓட்டை சார்’ என்று பெயர்.

சுரங்கங்களில் வயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சாம்பாரில் உப்பு இல்லாவிட்டால் கோபப்பட மாட்டார். போனில் சிக்னல் கோடு ஒன்று குறைந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார்.

விடுதி ரயில் மாதிரி நீளம். வைஃபை பெட்டி வாசல் அறையில் இருந்தது. நடுவில் தடித்த சுவர்கள். கடைசி அறைக்கு எந்த சிக்னலும் எட்டிப் பார்த்ததில்லை. அங்கேதான் எங்களோடு தங்கியிருந்த சேவியர் ஒடிந்த காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். அவன் மனைவி பிரசவத்துக்காகப் பாரிஸில் தாய்வீட்டில் இருந்தாள்.

"புள்ள மூஞ்சியப் பாக்க என்னைக் கட்டிலோட வாசலுக்குத் தூக்கிட்டுப் போவீங்களாடா?" என்று புலம்புவான்.

ஒருநாள் ஓட்டை சார் கறுப்பு ஒயர்ச் சுருளோடு வந்தார். ஒரு முனையை வைஃபை பெட்டியில் இணைத்து, நடை நெடுக, ஜன்னல் கம்பியில் படாமல் கிளிப் வைத்து மாட்டினார்.

"உள்ளுக்குள்ள செம்பு உறையில வரிசையா ஓட்டை இருக்கு. போற வழியெல்லாம் சிக்னல் கசியும்."

விடுதி ஓனர் பதறினார். "ஓட்டைன்னு தெரிஞ்சேவா சார் மாட்டுறீங்க?"

"ஓட்டை இல்லாட்டி நான் ஏங்க வாங்கப் போறேன்?"

சேவியர் போனில் கோடுகள் முழுசாக ஏறின. ஓனருக்குத்தான் மனசு ஆறவில்லை. ஓட்டை சார் வெளியூர் போன சமயம் பார்த்து, கசிவது யார் மேலும் பட்டுவிடக் கூடாது என்று ஒயர் முழுவதையும் இரும்புக் குழாய்க்குள் நுழைத்துவிட்டார். கடைசி அறையில் மறுபடி சிக்னல் செத்தது.

அதற்கடுத்த மாலை பாரிஸிலிருந்து வாசல் அறை போனுக்கு அழைப்பு. பெண் குழந்தை. கொஞ்ச நேரத்தில் வீடியோவில் காட்டுகிறார்களாம்.

நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஓட்டை சார் பையோடு உள்ளே நுழைந்தார். குழாயைப் பார்த்தார்.

"மூடிட்டீங்களா! இரும்பைத் தாண்டி எப்படிங்க வெளிய வரும்?"

பையைக் கீழே போட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒயரை உருவினோம். கிளிப்புகளை ஓனர் எறிந்துவிட்டிருந்தார். துணி காயப்போடும் நைலான் கொடியில் கட்டிக்கொண்டே போனோம். கடைசி ஜன்னலுக்குக் கொடி எட்டவில்லை. ஒயர் தொங்கி, படக்கூடாத ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. ஓட்டை சார் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

உள்ளே சேவியர் கத்தினான். "தெரியுது! சார், நீங்களும் வந்து பாருங்க!"

"நான் வந்தா படம் நின்னுடும்டா. நீ பாரு."

மனைவி பேசினாள். மாமியார் பேசினார். அப்புறம் குழந்தை அழுதது; அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. ஓனர் சத்தமில்லாமல் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து ஓட்டை சார் பக்கத்தில் வைத்தார். அவர் உட்காரவில்லை. கையையும் இறக்கவில்லை.

மறுநாள் காலை தலை வார அவரால் கையைத் தூக்க முடியவில்லை. சீப்பை வாங்கி நான்தான் வாரிவிட்டேன். வகிடு கோணல் என்றார். மறுபடி வாரினேன்.