வெண்மைக்கு ஓர் அளவுகோல்

மார்ச் பதினான்கு, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வானில் மேகமில்லை, வயலில் காற்றில்லை. கோதுமைப் பயிர் மட்டும் கணக்கை மீறி மின்னிக்கொண்டிருந்தது.

இலையடுக்கும் அடிமண்ணும் வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று கணினி மாதிரியால் கணிப்பது ஆய்வாளரின் வேலை. கணிப்பு சரியாக இருந்தால்தான் செயற்கைக்கோள் படத்திலிருந்து பயிரின் நிலையைச் சொல்ல முடியும். இன்று மாலைக்குள் கணிப்பும் வயல் அளவும் ஒத்துப்போகாவிட்டால் அவருடைய ஒப்பந்தப் பணி முடிந்துவிடும்.

"ஒரு வாரமா இதே கதைதான் சார். கணக்கைவிட அஞ்சுல ஒரு பங்கு கூடப் பளபளங்குது," என்றாள் உதவியாளப் பெண். "ஒருவேளை நம்ம வெள்ளைப் பலகை...?"

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அளவுக்கருவி முதலில் அந்தப் பலகையைப் பார்க்கும். அது திருப்பி அனுப்புவதையே முழு ஒளியென்று கொள்ளும். பிறகே பயிரை அளக்கும். பலகை மங்கினால் பயிர் கூடுதலாக மின்னுவதாகக் காட்டும்.

"பலகையைச் சந்தேகப்படறதும் என்னைச் சந்தேகப்படறதும் ஒண்ணுதாம்மா. இங்க வெச்சா தூசி படியும்னுதானே தினமும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்? சமையலறை மேல்தட்டுல, துணியில சுத்தி!"

ஆகவே, தவறு பயிருடையது என்று முடிவாயிற்று.

மாதிரியில் இலைகளைக் கூட்டினார். அகச்சிவப்பு ஒளியின் கணக்கு இணங்கியது, சிவப்பு ஒளியின் கணக்கு முறைத்துக்கொண்டது. அதைச் சமாதானப்படுத்த மண்ணை வெளுத்தார். கறுப்பு மண் கடற்கரை மணலாயிற்று. வெளுத்த மண் வெளியே தெரியவேண்டுமே என்று இலைகளையெல்லாம் செங்குத்தாக நிறுத்தினார்.

நண்பகலில் மனைவி தொலைபேசினாள். "அளவெல்லாம் சரியா வருதாங்க?"

இதுவரை அவள் கேட்டதில்லை. அக்கறை என்று மகிழ்ந்தார்.

பிற்பகலில் உதவியாளப் பெண், திருத்திய மாதிரியால் கணித்த செயற்கைக்கோள் படத்தைக் காட்டினாள். "சார், கார் நிறுத்துற இடத்துல அமோக விளைச்சலாம். இயக்குநர் கார் மேல அறுவடையே பண்ணலாம்."

"அந்த மூலையை மட்டும் வெட்டிடு."

நான்கு மணிக்கு இயக்குநர் வந்து திரையை உற்றுப்பார்த்தார். "கணிப்பு ஒரு கோடு, அளவு ஒரு கோடுன்னீங்க. ஒண்ணுதானே இருக்கு?"

"ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கு சார்."

இயக்குநர் உருகிப்போனார். இத்தனை துல்லியத்துக்கு அடிப்படையான வெள்ளைப் பலகையை அங்கேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கையெழுத்திட்ட ஆணையை ஆய்வாளரிடம் நீட்டினார்.

ஆய்வாளர் வீட்டுக்கு அழைத்தார். "மூணு வருஷம் நீட்டிச்சுட்டாங்க! இனிமே நம்ம பலகை வீட்டுக்கு வராது. எல்லா வயல் நிலையத்துக்கும் அதுதான் அளவுகோலாம்!"

மறுமுனையில் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க... உங்க பலகை போன வாரமே கைதவறி உடைஞ்சுபோச்சு. திட்டுவீங்களேன்னு, அதே மாதிரி வெள்ளையா, காய் நறுக்குற பலகை ஒண்ணு வாங்கி அதே துணியில சுத்தி வெச்சேன்... அதையா?"