விஷம் எடுத்த பாம்பு வீட்டிலிருந்து சம்பந்தி அண்ணாச்சிக்கு

எப்போதும்வென்றான்,
வைகாசி 20.

மகா கனம் பொருந்திய சம்பந்தி அண்ணாச்சி கோபாலசாமி அவர்களுக்கு, ஆவுடைத்தாய் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் முழங்கால் வலியும் பேரனும் குலசாமி புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். அங்கு உங்கள் மகன் முத்துசெல்வத்துக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டதா, ரெண்டு கண்ணும் முழுசாகத் திறக்கிறதா என்று அறிய ஆவல். இன்னும் வெத்திலை பாக்கு மாற்றவில்லை, அதற்குள் சம்பந்தி என்று எழுதிவிட்டேன். பேனாவில் எழுதியாச்சு, அப்படியே இருக்கட்டும். போனில் பதினொரு தரம் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நிற்கிறது. தபாலை அப்படி நிறுத்த முடியாது, தபால்காரர் கையில் திணித்துவிட்டுத்தான் போவார். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் பிள்ளைகளைப் பற்றி இப்போது உங்களுக்கு ஒரு மாதிரி எண்ணம் வந்திருக்கும். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மூத்த மகன் வீட்டு நவநீதகிருஷ்ணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபத்திரண்டு பேரை வேலை வாங்குகிறான். இங்கே இருந்த காலத்தில் ஒரு கிடாக்குட்டி கூட அவன் சொல் கேட்காது. அவன் தங்கச்சி சந்தனமாரி விவசாயம் படித்து ஆபீசர் ஆகி, ஐம்பது வருஷமாக உளுந்து விதைக்கிறவர்களுக்கு உளுந்து எப்படி விதைப்பது என்று ஜீப்பில் வந்து சொல்லிக்கொடுக்கிறாள். அவர்களும் கைகட்டிக் கேட்கிறார்கள். சின்ன மகன் வீட்டு கிருஷ்ணகுமார் ஹாக்கியில் ஸ்டேட் டீமில் ஆடி, முன்பல் ரெண்டைக் கொடுத்து ரயில்வேயில் வேலை வாங்கிவிட்டான். உங்கள் மகள் வயிற்றுப் பேத்தி ஆனந்திக்குப் பேசியிருக்கிற கோகுலகிருஷ்ணன் என் மகள் வயிற்றுப் பேரன். அப்பனும் ஆத்தாளும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனதிலிருந்து என்னோடு இருக்கிறான். அவனும் குறைந்தவன் இல்லை. டிப்ளமா முடித்து மில்லில் சூப்பர்வைசர். சுத்துப்பட்டில் எவன் வீட்டில் பாம்பு நுழைந்தாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். பிடித்து, அதைப் படம் எடுத்து யூடியூபில் போடுவான். ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம் பேர் பார்க்கிறார்களாம். அத்தனை பேரில் ஒருத்தர் கூட அவனுக்கு ஒரு பொண்ணு சொல்லவில்லை.

இனிமேல் நடந்ததைச் சொல்லுதேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி ரெண்டு நல்லபாம்பைப் பிடித்தவன் காட்டில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ராஜா, ரோஜா என்று பேர். படம் பார்க்கிறவர்கள் ஓட்டுப் போட்டு வைத்த பேராம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு விழிப்புணர்ச்சி கொடுக்கப் போறேன் ஆச்சி, விஷப்பையை அறுத்து எடுத்தாச்சு, இனிமே இது பாவாடை நாடா மாதிரி என்றான். அறுத்தது யாரு, டாக்டரா என்று கேட்டேன். டாக்டர்கிட்ட இருந்தவர் என்றான். இருந்து என்னலே செஞ்சாரு என்றேன். கூடமாட ஒத்தாசை என்றான். மயக்க ஊசி போட்டாராலே?

"பாம்புக்கு வலி தெரியாது ஆச்சி."

"அதுகிட்ட கேட்டியாலே?"

எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினதுக்கே ஊசி போட்டு, பஞ்சு வச்சு, மூணு நாள் கஞ்சி குடிச்சேன், அண்ணாச்சி. அதுகள் ரெண்டும் தாடை வீங்கி இருபது நாள் டப்பாக்குள்ள தலையைத் தூக்காமக் கிடந்துது. அப்புறம் இவன் உயிரோட ஒரு எலியைப் பிடிச்சு ரோஜா டப்பாக்குள்ள விட்டான். விஷம் இருந்தா கடிச்ச கொஞ்ச நேரத்துல எலி சுருண்டிரும். ரோஜா கடிக்குது, எலி திரும்பிக் கடிக்குது. ரோஜா மறுபடி கடிக்குது, எலி முதுகு மேல ஏறி நின்னு கடிக்குது. முதுகுல ஒரு துண்டு சதை போச்சு. குச்சியில துணியைச் சுத்தி நான்தான் பத்து நாள் மஞ்சள் வச்சேன். பாம்புக்கடிக்கு மருந்து கொடுக்கிற ஊரு எத்தனையோ உண்டு. நல்லபாம்புக்கு எலிக்கடி மருந்து போட்டது இந்தக் கரிசக்காட்டுலயே நான் ஒருத்தியாத்தான் இருக்கும்.

இது வீட்டோட போயிருந்தாக் கூட நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். ராஜா இருக்கானே, அவன் வாரத்துக்கு ஒரு தரம் டப்பா மூடியை முட்டித் தள்ளிட்டு வெளியே போயிருவான். பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் முன்னயெல்லாம் பாம்புன்னு சொன்னாலே கட்டில் மேல ஏறி நின்னு மூணு தெருவைக் கூப்பிடுவா. அவ என்னடான்னா விளக்குமாத்தால ஒரு தட்டுத் தட்டி, "ஏலே ராஜா, கோழி அடைகாக்குது, அங்கிட்டுப் போ" என்கிறாள். பிள்ளைகள் வாலைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு வந்து, "ஆச்சி, உங்க பாம்பு" என்று கொடுத்துட்டுப் போகுதுக. ஆறு மாசத்துல ஊரில் எந்தப் பாம்பைப் பார்த்தாலும் ராஜாதான். கோடையில இந்த மண்ணு எப்படி வெடிச்சுக் கிடக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், ஒரு வெடிப்புக்கு ஒரு பாம்பு உண்டு. அதெல்லாம் ராஜா. டீக்கடைக்காரர் ஒரு கண்ணாடி விரியனைப் பார்த்துட்டு, "ராஜா கொஞ்சம் சதை போட்டுட்டான்" என்று சொல்லிட்டு டீ ஆத்துதாரு. பாம்புக்கு விஷத்தை எடுத்தேன்னு என் பேரன் நினைச்சுக்கிட்டு இருந்தான். எடுத்தது ஊர்ப் பயத்தை. விஷம் போன பாம்பு எப்படியோ செத்த கோழிக்குஞ்சைத் தின்னு பிழைச்சுக்கிடுது. பயம் போன ஊரு எதைத் தின்னு பிழைக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் உங்க வீட்டு ஆட்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தாவ. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நீங்க வரலை. நடந்ததை முத்துசெல்வம் சொல்லியிருப்பாரு, ஆனா பாதிக்கு மேல அவருக்குக் கண்ணு சொருகிட்டு, அதனால மிச்சத்தை நான் சொல்லுதேன். தாய்மாமன் பார்க்க வேண்டிய முறைப்படி எல்லாம் பார்த்தாரு. கிணத்தை எட்டிப் பார்த்தாரு, ஆட்டுத் தொழுவத்தைப் பார்த்தாரு, வீட்டுக்குப் பின்னால அடுப்புக்கு அடுக்கி வச்சிருக்கிற பருத்திமார்க் குச்சிப் படப்பைப் பார்த்தாரு. படப்பு ஓரத்துக் கல்லுல உட்கார்ந்து செருப்பைக் கழட்டினாரு. உள்ள இருந்து ஒரு பாம்பு வந்து கணுக்கால்ல ஒரு போடு.

அவர் துள்ளி எழுந்திரிக்கவும் எங்க வீட்டு ஆளுக, பக்கத்து வீட்டு ஆளுக, அத்தனை பேரும் ஒரே குரல்ல "ராஜாதான், ராஜாதான்" என்று சொல்லிச் சிரிச்சோம். நானும் சிரிச்சேன், மறைக்கலை. கோகுல் ஓடிப் போய்ப் பார்த்தா ராஜா டப்பா காலியாத்தான் இருக்கு. திரும்பி வந்து வெறுங்கையால அதைப் பிடிச்சுத் தூக்கி, "நம்ம பயதான் மாமா, ஊசி குத்தின மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி, போன் கேமராவைப் பார்த்துக்கிட்டே அதோட தலைக்கு ஒரு முத்தம் கொடுத்து, டப்பாக்குள்ள போட்டு மூடினான். உங்க மகனுக்கு வேர்த்து ஊத்துது. ஆனா வீடு பார்க்க வந்த இடத்துல தாய்மாமன் பயந்தா கௌரவம் என்ன ஆகிறது. "எனக்கு இது கட்டெறும்பு மாதிரி" என்று சொல்லிட்டு உட்கார்ந்து ரெண்டு காப்பி குடிச்சாரு, கடலை மிட்டாயைக் கடிச்சாரு. கால் புடைக்குது, வெயிலுகந்தம்மாள் சுண்ணாம்பு தடவுதா. முக்கால் மணி நேரம், அண்ணாச்சி. வரதட்சணை பேசலாமா வேண்டாமான்னு கூடப் பேசினோம். ஆஸ்பத்திரின்னு ஒரு வாய் சொல்லலை.

அப்புறம் வேடிக்கை சொல்லணும்னு அவரே ஆனந்திக்குப் போன் போட்டாரு. "ஏட்டி ஆனந்தி, உன் மாப்பிள்ளை வீட்டு ராஜா மாமன் காலைத் தொட்டுக் கும்பிட்டான்" என்று சொல்லுதாரு. எல்லாரும் சிரிக்கோம். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

"மாமா, இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாரு. நாக்கு இழுக்குது. பக்கத்துல இருந்த எங்க காதுக்குத் தெரியாதது முப்பது கிலோமீட்டர் அங்கன ஆஸ்பத்திரி வார்டுல நர்ஸா நிக்கிற அந்தப் பிள்ளை காதுக்குத் தெரிஞ்சிருக்கு. பக்கத்துல யாரு இருக்கீங்க, மாமா கண் இமையைப் பாருங்க என்றாள். நான்தான் போனை வாங்கி, "தாயி, பயப்படாத, இது ஆபரேஷன் ஆன பாம்பு" என்றேன்.

"ஆச்சி, ஆபரேஷன் யாருக்கு வேணும்னாலும் ஆகட்டும். எங்க மாமாவுக்கு இமை தொங்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

தொங்குது. மளிகைக் கடை சாயங்காலம் பாதிக் கதவை இறக்கி வைக்கிற மாதிரி தொங்குது. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை பேசினது எல்லாம் உத்தரவு. நடக்க விடாதீங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க, கீறாதீங்க, காலை அசைக்காம, மாமா வந்த வேன்லயே படுக்க வைங்க, 108-ஐ எதிர்ல வரச் சொல்லுதேன். என் பேரன் அப்பவும் போனை வாங்கி, "வாய்ப்பே இல்லை சிஸ்டர், ரெண்டு பையும் எடுத்தாச்சு" என்கிறான். கட்டிக்கப் போற பொண்ணைப் பார்த்து. உங்க ஆட்கள் அதைக் கவனிச்சாவளோ என்னவோ, நான் கவனிச்சேன்.

முழங்கால் வலியால நான் போகலை. ஆனந்தி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில நடந்தது வெயிலுகந்தம்மாள் வந்து சொன்னது. மருந்து ஏத்தி, மூச்சுக்குக் குழாய் வச்சு, ரெண்டாம் நாள் முத்துசெல்வம் கண்ணைத் திறந்த பிறகுதான் ஆனந்தி வெளியே வந்தாளாம். பெஞ்சுல இருந்த என் பேரன் எழுந்திரிச்சு, பிள்ளைகளுக்கு விழிப்புணர்ச்சிக்காகத்தான் என்று ஆரம்பிச்சானாம். "நீங்க அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நல்லபாம்பைத் தொடலாம்கிறதை. அதுகள்ல ஒண்ணு இங்க வந்து படுத்தா, நீங்க வந்து விளக்கம் சொல்லுங்க" என்று சொல்லிட்டு அடுத்த வார்டுக்குப் போயிட்டாளாம். ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம் பேர் கைதட்டி வளர்த்ததை ஒருத்தி நின்னபடிக்கு நிறுத்திட்டா. அதைக் கேட்ட அன்னைக்கே நான் தீர்மானம் பண்ணிட்டேன், இந்தப் பொண்ணுதான் இந்த வீட்டுக்கு வரணும்னு. நீங்க உங்க மகனை நினைச்சு இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நிக்கிறீங்க. நியாயம்தான், நான் உங்க இடத்துல இருந்தா கம்பை எடுத்திருப்பேன். ஆனா எம் பேரனைத் திருத்த இந்த உலகத்துல ரெண்டே பேர்தான் இருக்கோம், அதுல எனக்கு எழுபத்தி மூணு ஆச்சு.

இப்ப உள்ள நிலைமையையும் எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் மறைத்தாள் என்று சொல்லக் கூடாது. வனத்துறையிலிருந்து காவலர் இசக்கிதுரை வந்து டப்பாவோடு ரெண்டையும் எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் வைத்திருந்ததே சட்டப்படி குற்றம், அறுத்தது அதற்கு மேல் குற்றம் என்று வழக்கு எழுதியிருக்கிறார்கள். அறுத்தது அரைகுறையாக இருந்தால் மறுபடியும் விஷம் ஊறும், அதுதான் உங்கள் ராஜா கடித்த கதை என்றும் சொன்னார். யூடியூப் படத்தை எல்லாம் கோகுலே அழித்துவிட்டான். இப்போது இந்த வீட்டில் பாம்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. துணி காயப்போடுகிற கொடிக்கயிறு தரையில் தொங்கிப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது, அதையும் அவிழ்த்துவிட்டேன். குலசாமி மேல் ஆணையாகச் சொல்கிறேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு இந்த வீட்டில் எந்த மூலைக்கும் நடக்கலாம். ஆனி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து முத்துசெல்வத்தையும் கூட்டிக்கொண்டு வரவும். அவருக்கு நாற்காலி நடு வீட்டில் போட்டு வைக்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, சிறுசுகளுக்கு ஆசீர்வாதம், ஆனந்தியின் தலையில் என் ரெண்டு கையும்.

இப்படிக்கு,
ஆவுடைத்தாய்.

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டுகிற நேரத்தில் இசக்கிதுரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "ஆச்சி, நீங்க கொடுத்த ரெண்டையும் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தாரு. எலி கடிச்ச தழும்பு இருக்கிறது அறுத்த பாம்புதான். இன்னொண்ணு கத்தியே படாதது. ரெண்டு பக்கமும் பை நிறைய விஷம், அசல் காட்டுப் பாம்பு. அப்படின்னா உங்க ராஜா எங்க?" என்கிறார். தண்ணி குடித்துக்கொண்டிருந்த கோகுல் செம்போடு கீழே உட்கார்ந்துவிட்டான். "ஆச்சி, அதுக்கா முத்தம் கொடுத்தேன்" என்று சொல்லி மிச்சத் தண்ணியில் மூணு தரம் வாய் கொப்பளித்தான். அப்புறம் வீடு பூராவும் தேடினதில், பூசை அலமாரியின் கீழ்க் கதவு இடுக்கில் உரித்த சட்டை ஒரு முழம் தொங்குகிறது. உள்ளே ஏதோ நகருகிறது. "தொறலே, ஆபரேஷன் ஆனதுதானே" என்றேன். ரெண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அது அவன்தான்னு எப்படி ஆச்சி தெரியும்?" என்று கேட்கிறான். ரெண்டு வருஷத்தில் அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி. பிடிக்கிற கொக்கிக் கம்பு எடுத்துவர இசக்கிதுரை போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவாராம். மேலே ஆணையிட்டு எழுதினதை எல்லாம் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், மூணு நாள் உட்கார்ந்து எழுதினது, மனசு வரவில்லை. ஆனி மாசம் வரும்போது செருப்பைக் கழற்ற வேண்டாம். நீங்கள் கொடுத்த ஆனந்தி போட்டோ ஜாதகத்தோடு அந்த அலமாரிக்குள்தான் இருக்கிறது, இனி அதை எடுத்துப் பார்க்கிற தைரியம் இந்த வீட்டில் ஒருத்தருக்கும் கிடையாது. ஆகையால் பிள்ளையின் புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பி வைக்கவும். நர்ஸ் உடுப்பில், சிரிக்காமல் எடுத்ததாக இருந்தால் நல்லது.